குனிமசு: சொந்த ஏரியில் அழிந்து, வேறொரு ஏரியில் பிழைத்த மீன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் தசாவா என்ற ஒரே ஒரு ஏரியில் மட்டும் வாழ்ந்த மீன் குனிமசு. 1940-இல் அந்த ஏரித் தண்ணீர் கெட்டுப்போய் அது அற்றுப்போனது. 70 வருஷம் கழித்து, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, ஃபுஜி மலை அடிவாரத்தில் சாய்கோ என்ற சின்ன ஏரியில் உயிரோடு கிடைத்தது. இந்த மீனைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் வருகிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் நின்று சொன்னால்தான் விளங்கும்.

குனிமசு பார்க்க எப்படி இருக்கும்?

முதிர்ந்த மீன் ஒரு அடிக்குள் இருக்கும், பெரும்பாலும் 20 முதல் 30 சென்டிமீட்டர். சினைக்காலத்தில் உடம்பு முழுக்கக் கறுத்துவிடும். முதுகு மட்டுமல்ல, வயிறு, துடுப்பு எல்லாமே அடுப்புக்கரி பூசியது போல ஆகிவிடும். இந்தக் கறுப்புதான் பின்னால் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் சினைக்கு வராத இளமீன் வெள்ளியாக மினுங்கும். அந்த நிலையில் அதன் நெருங்கிய உறவான ஹிமேமசுவோடு சேர்த்து வைத்தால், பழகிய மீனவருக்கே எது எது என்று சொல்வது கஷ்டம். சதை வெள்ளை. ஹிமேமசுவின் சதை இளஞ்சிவப்பு.

இது ட்ரவுட்டா, சால்மனா?

இரண்டு பதிலுமே சரிதான். ட்ரவுட், சால்மன் என்ற பிரிவு மீனில் இருப்பதைவிட நாம் கூப்பிடுகிற பழக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது. ஜப்பானியர்கள் இந்தக் குடும்பத்தில் பல மீன்களை ‘மசு’ என்பார்கள். அதைப் பொதுவாக ட்ரவுட் என்றே பெயர்க்கிறார்கள். அறிவியல் வரிசையில் இது பசிபிக் சால்மன்களின் பேரினமான ஆன்கோரிங்கஸில் வருகிறது. முழுப்பெயர் ஆன்கோரிங்கஸ் கவாமுரே. கடலுக்குப் போய்த் திரும்பும் சாக்கை சால்மனுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் இது கடலையே பார்க்காமல், நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே முடிகிற மீன்.

ஒரு சின்ன விஷயம். ‘மசு’ என்பதைக் குறிலாகவே சொல்லுங்கள். நீட்டினால் நம் காதில் ‘மாசு’ என்று விழும். இந்த மீனைக் கொன்றதே தண்ணீரில் கலந்த மாசு என்பதால், அந்தப் பெயரை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

குனி என்றால்?

நாடு. தசாவா இருக்கும் அகிதா பகுதியை ஆண்ட சதாகே பிரபுக்களுக்கு இந்த மீன் காணிக்கையாகப் போகும். அவர்கள் சாப்பிட்டு மகிழ்ந்து ‘நம் நாட்டு மசு’ என்று பாராட்டியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஏரிக்கரை ஊர்களில் சொல்வது வழக்கம். இதற்கு முந்திய பெயர் ஒன்றும் உண்டு: கினோஷிரி-மசு, அதாவது கொள்ளிக்கட்டை மீன். அது ஒரு கதையிலிருந்து வந்தது.

அது என்ன கதை?

ஏரிக்கரைக் கிராமத்தில் தத்சுகோ என்று ஒரு பெண். தன் அழகு என்றைக்கும் வாடக்கூடாது என்று தெய்வத்தை வேண்டிக்கொண்டாள். மலையில் ஒரு ஊற்றைத் தேடிக் குடிக்கச் சொல்லி அருள்வாக்கு கிடைத்தது. குடித்தாள். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தவள் டிராகனாக மாறி, ஏரிக்குள் இறங்கி அதன் காவல் தெய்வமாகிவிட்டாள். தேடி வந்த அம்மா, இருட்டில் வழி பார்க்கக் கொண்டுவந்த கொள்ளிக்கட்டையை அழுதுகொண்டே தண்ணீரில் வீசினாள். அது தண்ணீரில் பட்டதும் கறுப்பு மீனாகி நீந்திப் போனது.

அந்த மீன்தான் குனிமசு. எரிந்து அணைந்த கட்டையின் கறுப்பு. மீனைக் கையில் வைத்துப் பார்த்த ஒருவர்தான் இந்தக் கதையைக் கட்டியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். இன்று ஏரிக்குள் கரையோரமாகத் தங்க நிறத்தில் தத்சுகோ சிலை நிற்கிறது. 1968-இல் வைத்தது. சுற்றுலா வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தசாவா எப்படிப்பட்ட ஏரி?

ஜப்பானிலேயே ஆழமான ஏரி. 423 மீட்டர். வடக்கு ஜப்பானில் அகிதா மாநிலத்தின் செம்போகு நகர எல்லைக்குள் இருக்கிறது. எரிமலைப் பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டானதால் ஏறக்குறைய வட்டமாக, 6 கிலோமீட்டர் குறுக்களவில், ஒரு பெரிய கிண்ணம் போல இருக்கும். நீர்மட்டம் கடலுக்கு 249 மீட்டர் மேலே, அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே. அவ்வளவு ஆழம் இருப்பதால் கடுங்குளிரிலும் உறைவதில்லை.

1931-இல் எடுத்த அளவில், தண்ணீருக்குள் இறக்கிய வெள்ளைத் தட்டு 31 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து தரையில் கிடக்கும் தட்டைப் பார்ப்பது போல.

அந்த ஆழத்தில் மீனை எப்படிப் பிடித்தார்கள்?

ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியில் போய், செவுள்வலையை ஆழத்தில் இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். குனிமசுவின் விசேஷமே இதுதான்: மற்ற மசு வகைகள் இலையுதிர் காலத்தில் கரையோரத்துக்கோ ஓடைக்கோ வந்து முட்டையிடும். இது பத்து ஆள் ஆழத்துக்கும் கீழே, வெயில் எட்டாத குளிர்ந்த அடித்தளத்தில் இடும். அதனால் நடுக்குளிர்காலமும் வலை வீசும் காலம்தான். கரையெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போது, நனைந்த கயிற்றை வெறுங்கையால் இழுத்து ஏற்றுகிற வேலை.

அதற்குத் தக்க விலையும் இருந்தது. ஒரு குனிமசுவுக்கு ஒரு ஷோ அரிசி என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்களாம். ஒரு ஷோ என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஒரு சாண் சொச்சம் நீள மீனுக்கு ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அறிவியல் உலகத்துக்கு எப்போது தெரிந்தது?

1925-இல். அமெரிக்க மீனியல் அறிஞர் டேவிட் ஸ்டார் ஜோர்டனும் மெக்ரெகரும் இதைப் புது இனம் என்று விவரித்தார்கள். பெயரில் உள்ள ‘கவாமுரே’, கியோத்தோ பல்கலைக்கழகத்தின் நன்னீர் உயிரியல் அறிஞர் தமிஜி கவாமுராவை நினைத்து வைத்தது. கணக்குப் பார்த்தால் மனசு கனக்கும்: பெயர் வைத்த பதினைந்தாவது வருஷம் மீன் இல்லை.

1940-இல் என்னதான் நடந்தது?

ஏரிக்கு வடக்கே மலையில் தமகாவா என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒரே வாயிலிருந்து நிமிஷத்துக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர், 98 டிகிரிச் சூட்டில் கொதித்துக்கொண்டு வரும். ஜப்பானில் ஒற்றை ஊற்றில் இவ்வளவு தண்ணீர் வேறெங்கும் வருவதில்லை. அதன் அமில அளவு பி.எச். 1.2. இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறே 2-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்றால் இதன் காட்டம் புரியும். இந்தத் தண்ணீர் தமா ஆற்றில் கலந்து கீழே இறங்கும். ஆற்றோர விவசாயிகள் அதை ‘தமகாவா விஷத் தண்ணீர்’ என்றே சொன்னார்கள். மீன் வாழாது. வயலில் பாய்ந்தால் நெல் தேறாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பட்ட பாடு அது.

1930-களில் வடகிழக்கு ஜப்பான் முழுக்கக் குளிரால் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வாட்டியது. புதுசாக வயல் திருத்த வேண்டும், அதற்குப் பாசனம் வேண்டும். இன்னொரு பக்கம் போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஒரே திட்டத்தில் இரண்டையும் முடிக்க நினைத்தார்கள். ஆற்றின் அமிலத் தண்ணீரைத் தசாவா ஏரிக்குள் திருப்பிவிடுவது, இவ்வளவு பெரிய ஏரியில் கலந்து அமிலம் நீர்த்துப் போகும், அப்புறம் அந்தத் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது, மிச்சத்தை வயலுக்கு விடுவது. காகிதத்தில் பார்த்தால் குறையே தெரியாது.

1940 ஜனவரியில் மதகு திறந்தது. நடுநிலைக்கு மிக அருகே, 6.7-இல் இருந்த ஏரியின் பி.எச். அளவு இறங்கிக்கொண்டே போய் 4-இன் பக்கம் வந்து நின்றது. இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டு எண்ணுக்கு மேல் இறங்கியிருக்கிறது, அதாவது நூறு மடங்குக்கும் மேல். அமிலத்தைத் தாங்கக்கூடிய உகுய் என்ற கெண்டை வகை மட்டும் தாக்குப்பிடித்தது. மற்ற மீன்கள் செத்தன. குனிமசுவுக்கு ஓட இன்னொரு ஏரி இல்லை.

அப்படிச் செய்தவர்கள்மேல் கோபம் வருகிறதே?

எனக்கும் வருகிறது. ஆனால் கீழே நெல் விளையாமல் பட்டினி கிடந்தவர்களை விட்டுவிட்டு இதைப் பேசக்கூடாது. ஒரு கஷ்டத்தைத் தீர்க்கப் போனார்கள். ஏரி எவ்வளவையும் தாங்கும் என்று நம்பினார்கள். எதை இழக்கப் போகிறோம் என்று கேட்டுப் பார்க்க அந்தக் காலத்தில் சட்டமும் இல்லை, போர்க்காலத்தில் அவகாசமும் இல்லை.

பின்னே மீன் எப்படிச் சாய்கோவுக்குப் போனது?

இதற்காகத் திட்டமிட்டு யாரும் காப்பாற்றவில்லை. விஷத் தண்ணீர் வருவதற்கு முன்பே தசாவாவில் குனிமசு முட்டையைப் பொரிக்கவைத்துப் பெருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. விலை உயர்ந்த மீன் என்பதால் மற்ற ஏரிகளிலும் வளர்த்துப் பார்க்கலாம் என்று முட்டைகளை வெளியூர்களுக்கும் அனுப்பினார்கள். உள்ளே குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியத் தொடங்கிய முட்டைதான் பயணத்தைத் தாங்கும். அப்படிப்பட்ட முட்டைகள் 1935-இல் ஃபுஜி மலைப் பக்கம் சாய்கோ, மோதோசு ஏரிகளுக்குப் போயின. சாய்கோவுக்குப் போனவை ஒரு லட்சம்.

போய்ச் சேர்ந்ததற்குக் காகிதத்தில் பதிவு இருந்தது. அவை என்ன ஆயின என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. போர் வந்தது, எல்லாரும் மறந்தார்கள்.

நடுவில் யாரும் தேடவில்லையா?

தேடினார்கள், ஆசையோடு தேடினார்கள். 1995-இல் தசாவா ஊர் சுற்றுலாச் சங்கம், குனிமசுவைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் 10 லட்சம் யென் பரிசு என்று அறிவித்தது. 1997-இல் அதை 50 லட்சமாக உயர்த்தினார்கள். இதுவாக இருக்குமோ என்று சில மீன்கள் வந்தன. ஒன்றும் குனிமசு இல்லை. 1998 முடிவில் பரிசுத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அந்த வருஷங்கள் முழுக்க சாய்கோவில் மீன் நீந்திக்கொண்டுதான் இருந்தது.

2010-இல் எப்படிக் கிடைத்தது?

ஒரு ஓவியம் வரையப் போய்க் கிடைத்தது.

கியோத்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெத்சுஜி நகாபோ, குனிமசு உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு படம் வரைந்து தரும்படி சகானா-குன்னிடம் கேட்டார். சகானா-குன் ஜப்பானில் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த முகம். தலையில் எப்போதும் பெட்டிமீன் வடிவத் தொப்பி. தொலைக்காட்சியில் மீன்களைப் பற்றிப் பேசுபவர், மீன் ஓவியர், அப்போது தோக்கியோ கடல்சார் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு இணைப் பேராசிரியராகவும் இருந்தார்.

வரைய என்ன இருந்தது? புட்டியில் நிறம் போய் வெளுத்துக் கிடக்கும் பழைய மாதிரிகள்தான். அதனால் உடல்வாகு பார்க்க உதவும் என்று, நெருங்கிய உறவான ஹிமேமசுவைப் பல இடங்களிலிருந்து வரவழைத்தார். சாய்கோவிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தவை கறுப்பு. ஹிமேமசு சினைக்காலத்தில் சிவப்பேறும், இப்படிக் கறுக்காது. அதுவும் இலையுதிர் காலத்திலேயே முட்டையிட்டு முடிந்துபோகிற மீன், குளிர்காலம் கழிகிற நேரத்தில் சினையோடு ஏன் வந்தது?

ஒரு வருஷத்தில் நூறு மீன் வரைகிற கை, இது ஒரு மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் நகாபோவிடம் கொண்டுபோய்க் காட்டினார். நகாபோவின் குழு அறுத்தும் எண்ணியும் மரபணு பார்த்தும் உறுதி செய்தது. 2010 டிசம்பரில் செய்தி வெளிவந்தது.

அதே மாதம் 23-ஆம் தேதி, பிறந்தநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் அன்றைய சக்கரவர்த்தி அகிஹித்தோ இந்த மீனைப் பற்றிப் பேசி, நகாபோவையும் சகானா-குன்னையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். சக்கரவர்த்தி தானே கோபி மீன்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர். அதனால் அது சடங்குக்குச் சொன்ன வார்த்தையாக யாருக்கும் படவில்லை.

சாய்கோ மீனவர்களுக்கு அதுவரை தெரியவே தெரியாதா?

மீன் தெரியும், பெயர்தான் தெரியாது. வலையிலும் தூண்டிலிலும் எப்போதாவது கறுத்த மசு வரும். ‘குரோமசு’, அதாவது கறுப்பு மசு என்பார்கள். ஹிமேமசுவிலேயே ஏதோ கறுத்துப்போனது என்று நினைத்தார்கள். சாதாரணமாகப் பிடித்தார்கள், சாப்பிட்டார்கள். ‘மறுபடியும் கண்டுபிடித்தார்கள்’ என்று நாம் எழுதும்போதெல்லாம் இந்த மனிதர்கள் என் நினைவுக்கு வருவார்கள். அவர்களுடைய கையில் அது எப்போதும் இருந்தது. அவர்களிடம் போய், உங்கள் வலையில் கறுப்பு மீன் வருமா என்று கேட்க 70 வருஷம் ஆகியிருக்கிறது.

கறுப்பாக இருந்ததை மட்டும் வைத்தா முடிவு செய்தார்கள்?

இல்லை. மூன்று விஷயம் பார்த்தார்கள். ஒன்று, இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் விரல் விரலாகத் தொங்கும் சின்னப் பைகள். அவை ஹிமேமசுவைவிடக் குனிமசுவுக்குக் குறைவு. இரண்டு, செவுளில் இரையை வடிகட்டும் முட்களின் எண்ணிக்கை. இந்த இரண்டும் பழைய தசாவா மாதிரிகளோடு பொருந்தின. மூன்றாவது, மரபணு. ஒரே ஏரியில் வாழ்ந்தும் இரண்டும் கலக்காமல் தனித்தனியாக இனம் பெருக்குகின்றன என்று அது காட்டியது. முட்டையிடும் காலமும் வேறு, ஆழமும் வேறு என்பதால் சந்திக்க வாய்ப்பே குறைவு.

சாய்கோ அதற்கு எப்படி ஒத்துவந்தது?

ஏரி சின்னது. 2.1 சதுர கிலோமீட்டர், தசாவாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆழம் 70 மீட்டர் சொச்சம்தான். ஆனால் உயரமான இடம், கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர். அடியில் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும்.

864-ஆம் வருஷம் ஃபுஜி வெடித்தபோது ஓடிவந்த எரிமலைக் குழம்பு ஒரு பெரிய ஏரியின் நடுவில் பாய்ந்து அதைத் துண்டாக்கியது. அதில் ஒரு துண்டு சாய்கோ. அந்தக் குழம்பு இறுகிய நிலத்தின் மேல்தான் இன்று அவோகிகஹாரா காடு நிற்கிறது. ஏரியடியில், ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில், சரளைக்கல் கிடக்கும் ஒரு இடத்தில் ஊற்றுநீர் கசிகிறது. குனிமசு அங்கேதான் கூடி முட்டையிடுகிறது. இவ்வளவு பெரிய அடித்தளத்தில் சேறு மூடாமல், கல்லுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டு இருக்கிற இடம் கொஞ்சம். 1935-இல் கொட்டிய முட்டைகளிலிருந்து வந்த சந்ததி அதைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அப்படியானால் ‘அழிந்த இனம்’ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களா?

எடுத்தார்கள், ஆனால் ஒரு படிதான் ஏற்றினார்கள். ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013-இல் ‘அழிந்தது’ என்பதை ‘இயற்கை வாழிடத்தில் அழிந்தது’ என்று மாற்றியது. பலருக்கு இது புரிவதில்லை. ஏரியில் சுதந்திரமாகத்தானே நீந்துகிறது, கூண்டிலா இருக்கிறது என்கிறார்கள். விஷயம் என்னவென்றால், சாய்கோ அதன் ஊர் இல்லை. மனிதர் கொண்டுபோய் விட்ட இடம். அதன் ஊரான தசாவாவில் ஒன்றுகூட இல்லை. இந்தப் பெயர்மாற்றம் எனக்கு நேர்மையாகவே படுகிறது.

கொஞ்சம் பிடித்துத் தசாவாவில் திரும்ப விட்டுவிடலாமே?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விட்டால் செத்துவிடும்.

ஏரி இன்னும் ஆறவில்லை. 1989 முதல் மலைமேல் ஒரு நடுநிலையாக்கும் நிலையம் வேலை செய்கிறது. ஊற்றின் அமிலத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் மேல் ஓடவிடுவார்கள். கல் கரைந்து அமிலத்தைக் குறைக்கும். தண்ணீர் வருகிறவரை கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் நிறுத்த முடியாது, ஏனென்றால் ஊற்று நிற்காது. இத்தனை செய்தும் ஏரியின் பி.எச். 5-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. மேல்தண்ணீராவது கொஞ்சம் முன்னேறும். 423 மீட்டர் ஆழத்தின் அடித்தண்ணீர் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். குனிமசுவுக்கு வேண்டியதோ அந்த அடித்தண்ணீர்தான்.

தமா ஆற்றை ஏரிக்குள் விடாமல் நிறுத்தலாமே என்பது அடுத்த கேள்வி. நிறுத்தினால் அந்த அமிலம் ஆற்று வழியே நேரே கீழே உள்ள வயல்களுக்குப் போகும். மின்நிலையமும் இன்னும் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது. 1940-இல் சில வருஷ வேலையில் போட்ட முடிச்சு அது. அவிழ்க்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மீன் கிடைத்த செய்தியில் நாம் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் கிடைத்தது மீன் மட்டும்தான். 31 மீட்டர் ஆழம் வரை தெரிந்த தண்ணீரும், ஆழத்து வலையும், அதை இழுக்கத் தெரிந்த கைகளும் திரும்பவில்லை. செம்போகு மக்கள் ஏரியைத் தேற்றி மீனை அழைத்துவர வேண்டும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

சாய்கோவில் இருப்பது பத்திரம்தானா?

ஒரே ஏரி, அதில் முட்டையிட ஒரு சில இடம். ஒரு நோயோ, ஏரியடி ஊற்று குறைவதோ, தண்ணீர் சூடேறுவதோ போதும். அதனால் சாய்கோ இருக்கிற யமனாஷி மாநிலத்தின் மீன்வளத் தொழில்நுட்ப மையம் பிடித்த மீன்களிலிருந்து முட்டையெடுத்துக் குஞ்சு பொரிக்கவைத்துத் தொட்டியிலும் வளர்க்கிறது. ஏரியில் முட்டையிடும் பகுதியை ஒட்டி மீன்பிடிக்கத் தடை இருக்கிறது.

அங்கே தூண்டில் போடலாமா?

ஹிமேமசுவுக்கு அனுமதிக் காலத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு போடலாம். முன்னமே சொன்னது போல, வெள்ளியாக இருக்கும் இளம் குனிமசுவைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் ஹிமேமசு தூண்டிலில் அதுவும் மாட்டக்கூடும். ஏரியை நம்பி வாழ்கிறவர்களின் தொழிலை ஒரேயடியாக நிறுத்தாமல், இடத்தையும் காலத்தையும் கட்டுப்படுத்துகிற வழியை எடுத்திருக்கிறார்கள். அத்தனை வருஷம் அந்த ஏரியைக் கெடாமல் வைத்திருந்தது அவர்கள்தான் என்பதால் அது நியாயமும்கூட.

ஊட்டிப் பக்கம் கிடைக்கிற ட்ரவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தூரத்துச் சொந்தம். அவலாஞ்சிப் பக்கம் பண்ணையில் பொரிக்கவைத்து ஓடைகளில் விடும் ரெயின்போ ட்ரவுட்டும் ஆன்கோரிங்கஸ் பேரினம்தான். ஆனால் அது நீலகிரியில் பிறந்த மீன் இல்லை, ஆங்கிலேயர் காலத்தில் முட்டையாகக் கொண்டுவந்தது. குனிமசு பிழைத்ததும் அதே மாதிரி முட்டை அனுப்பும் பழக்கத்தால்தான். அதே பழக்கம் வேறு இடங்களில் உள்ளூர் மீன்களுக்கு எமனாகவும் ஆகியிருக்கிறது.

அப்படி ஆன மீன் எது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டப்ளின் பாண்ட் என்ற சின்ன ஏரியை ஒட்டி அறியப்பட்ட சில்வர் ட்ரவுட். வெளியிலிருந்து வேறு மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1930-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அதன் முட்டையைப் பிழைக்கவைத்த இன்னொரு ஏரி இல்லை. இத்தாலியில் கார்டா ஏரியில் மட்டும் வாழும் கார்ப்பியோனே என்ற மீனும் குனிமசு போலவே ஆழத்தில் முட்டையிடுவது. அது இன்னும் இருக்கிறது, ஆனால் மிகக் குறைந்துவிட்டது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சாய்கோ கரையில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. தசாவா கரையிலும் 2017-இல் ‘குனிமசு மிராய்கான்’ என்று ஒன்று திறந்தார்கள். மிராய் என்றால் எதிர்காலம். பழைய வலைகள், தோணி நாட்களின் படங்கள், அமிலத் தண்ணீரின் கதை எல்லாம் அங்கே உண்டு. தொட்டியில் உயிருள்ள குனிமசுவும் உண்டு. அவை யமனாஷி மாநிலம் இரவலாகக் கொடுத்த மீன்கள். வெளியே வந்தால் ஏரி. கரையில் நின்று குனிந்து பார்த்தால் தண்ணீர் நீலமாக, அழகாகத்தான் இருக்கும்.